விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன கப்பல்

உங்களிடம் ஒரு கேள்வி.

கடைசியாகக் கலங்கரை விளக்கத்தை எப்போது பார்த்தீர்கள்? மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். மகாபலிபுரத்தில் பாறை மேல் ஏறி போட்டோ எடுத்திருப்பீர்கள். கோடியக்கரை, மணப்பாடு, முட்டம், பாம்பன்... எங்கேயோ ஓரிடத்தில் அண்ணாந்து பார்த்து, 'அடேயப்பா, எவ்ளோ உசரம்!' என்று சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. கரையில் இருக்கிற விளக்குக்குக் கரண்ட் வரும், ரோடு வரும், பால்காரர்கூட வருவார். கடலுக்கு நடுவே ஒரு பாறையில், ஒரு குட்டித் தீவில் இருக்கிறதே விளக்கு... அதற்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள்? அதைக் காவல் காத்த மனிதருக்கு யார் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?

யோசித்ததில்லை அல்லவா? என் பெரிய மாமா மட்டும் அந்த வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் யோசித்திருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் ஆலத்தியூர். செந்துறைப் பக்கம். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பஸ் மாறி, அரை நாளைச் செலவழிக்க வேண்டும். முந்திரியும் கடலையும் விளைகிற பூமி. நான் பள்ளிக்கூடம் போனபோது நாங்கள் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001-ல் அரியலூர் மாவட்டம் என்றார்கள். 2002-ல் 'இல்லை இல்லை, பெரம்பலூர்தான்' என்றார்கள். 2007-ல் மறுபடி அரியலூர். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. முகவரி மட்டும் கப்பல் மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது!

அப்படிப்பட்ட ஊரிலிருந்து கப்பல் வேலைக்குப் போன ஒரே ஆள் பெரிய மாமா. என் அம்மாவுக்கு மூத்த அண்ணன். 1961-ல் சென்னையில் ஏதோ வேலை தேடிப் போனவர், துறைமுகத்தில் யாரோ சொல்லி, கலங்கரை விளக்குகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பலில் கலாசியாகச் சேர்ந்துவிட்டார். கலாசி என்றால் கயிறு இழுக்கிற, மூட்டை தூக்குகிற, தளம் கழுவுகிற ஆள். செராங் சொன்னதைச் செய்ய வேண்டும். 'ஏன்?' என்று கேட்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். கறுத்து, மெலிந்து, கையெல்லாம் காய்ப்புக் காய்த்து. ஊரில் கேட்பார்கள், "கப்பல்ல என்னய்யா வேல?"

மாமா சொல்வார், "வெளக்குக்கு எண்ண ஊத்தறது."

திண்ணையே சிரிக்கும். "அதுக்கா இம்மாந்தூரம் போன? நம்ம மாரியாத்தா கோயில்லயே ஊத்தலாமே!"

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால், எனக்குத் தனியாகச் சொல்லுவார். அவர் சொன்னதையும், பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து விளக்கு எப்படி எரிந்தது தெரியுமா? நம் கல்யாண ஊர்வலத்தில் தலையில் வைத்துக்கொண்டு போவார்களே பெட்ரோமாக்ஸ், கிட்டத்தட்ட அதே தொழில்நுட்பம்தான். மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஆவியாக்கி, ஒரு மேன்ட்டிலில் எரிப்பது. அந்த வெளிச்சம் மட்டும் இருந்தால் ஒரு தெருவுக்குத்தான் காணும். அதைச் சுற்றி ஆள் உயரக் கண்ணாடி வில்லை வைத்தார்கள். ஃபிரெனெல் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. 1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கில் முதலில் பொருத்தினார்கள். சிதறிப் போகிற வெளிச்சத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து ஒரே திசையில் அனுப்புகிற வித்தை அது. டன் கணக்கில் எடையுள்ள அந்த வில்லையைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டால், ஒரு விரலால் தள்ளினாலே சுற்றும். சுற்றுவதற்குச் சாவி கொடுக்கிற கடிகாரம் மாதிரி எடைக்கல் கட்டிய இயந்திரம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை காவலர் எழுந்து சாவி கொடுக்க வேண்டும். தூங்கிவிட்டால் விளக்கு நின்றுவிடும். விளக்கு நின்றால் எங்கோ ஒரு கப்பல் பாறையில் மோதும்.

ஆக, அந்தப் பாறைக்கு மண்ணெண்ணெய் போய்ச் சேர வேண்டும். மேன்ட்டில், திரி, பெயின்ட், பித்தளை பாலீஷ், அரிசி, பருப்பு, குடிதண்ணீர், மருந்து, சம்பளம், தபால்... எல்லாம் போய்ச் சேர வேண்டும். அதுதான் அந்தக் கப்பலின் வேலை.

"கப்பல் கிட்டக்கயே போவாது மாப்ளே," என்பார் மாமா. "போனா அதுவும் பாறைல ஏறிடும். தூரமா நங்கூரம் போட்டுட்டு, படகை எறக்குவோம். படகுல எண்ண டிரம்மு. அல தூக்கித் தூக்கிப் போடும். கரைக்குப் பத்தடி முன்னால குதிச்சி, நெஞ்சளவு தண்ணில நின்னு, டிரம்ம உருட்டணும். அல பின்னால வருதான்னு ஒரு கண்ணு. கால்ல பவளப் பாறை கிழிக்குதான்னு ஒரு கண்ணு."

"அரிசி மூட்டை மாமா?"

"அது தலைல. சும்மாடு கட்டிக்கிட்டு. நனைஞ்சா அவங்க மூணு மாசம் முக்கல் அரிசி திங்கணும்டா!"

இது போக இன்னொரு வேலை. துறைமுக வாசல்களில் கடல் மேல் மிதக்குமே, மிதவைகள்... 'இந்தப் பக்கம் ஆழம், அந்தப் பக்கம் மணல் திட்டு' என்று கப்பலுக்கு வழி சொல்பவை. கடலில் கிடந்து கிடந்து அவற்றின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொள்ளும். கப்பலின் டெரிக்கால் தூக்கித் தளத்தில் போட்டு, சுரண்டி, தட்டி, பெயின்ட் அடித்து, சங்கிலி தேய்ந்திருந்தால் மாற்றி, மறுபடி அதே இடத்தில் இறக்க வேண்டும். மிதவை ஓடிப்போகாமல் இருக்க அடியில் ஒரு பெரிய கான்கிரீட் கட்டை.

அந்தக் கான்கிரீட் கட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஆள் இல்லாத தீவுகளில் கேஸ் விளக்கு. அசிட்டிலின் சிலிண்டர்களைக் கொண்டுபோய் மாற்றிவிட்டு வருவார்கள். "வெயில் வந்தா தானா அணைஞ்சிடும். இருட்டினா தானா எரியும்" என்று மாமா சொன்னபோது, கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். கதை இல்லை. குஸ்தாவ் தாலேன் என்கிற ஸ்வீடன்காரர் கண்டுபிடித்த சூரிய வால்வு அது. பளபளப்பான கம்பிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கம்பி. பகல் வெளிச்சத்தைக் கறுப்பு உறிஞ்சிக்கொண்டு சூடேறி நீளும். நீண்டால் கேஸ் மூடிக்கொள்ளும். இருட்டினால் சுருங்கும், கேஸ் திறக்கும். அவ்வளவுதான்! இதற்கு 1912-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே வருஷம் ஒரு கேஸ் விபத்தில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவர் சார்பில் அவருடைய சகோதரர்தான் போய்ப் பரிசை வாங்கினார். கடலில் போகிறவர்களுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த மனிதர் மிச்ச காலம் முழுக்க இருட்டில் இருந்தார்.

இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாவம்டா... நான் எத்தனை சிலிண்டர மாத்தியிருப்பேன், அந்த மனுசன் பேரு தெரியாமப் போச்சே" என்றார்.

உலகம் முழுக்க இப்படிப்பட்ட கப்பல்கள் இருந்தன. நம் நாட்டில் 1927-ல் வந்த கலங்கரை விளக்குச் சட்டத்தின்படி, துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களிடம் 'விளக்குக் கட்டணம்' வசூலித்து அதில்தான் இந்த வேலைகளை நடத்தினார்கள். 2021-ல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்துவிட்டது. 'சாகர்தீப்', 'பிரதீப்', 'இந்திரா பாயின்ட்' என்றெல்லாம் நம் கலங்கரை விளக்குத் துறையின் கப்பல்களுக்குப் பெயர். பெயரிலேயே விளக்கு இருக்கிறது பாருங்கள்.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே இந்தக் கப்பல்களுக்கெல்லாம் செடி, கொடி, மரம், பூ என்றுதான் பெயர் வைத்தார்கள். லைலக், வயலட், மிசில்டோ, ஃபிர், ஹெம்லாக்... நம் ஊரில் என்றால் 'தும்பை', 'ஆவாரை', 'எருக்கு' என்று கப்பல் விட்டிருக்கலாம். அந்த நாட்டு விளக்குக் காவலர்களுக்குக் கப்பல் கொண்டுபோன பொருள்களில் ஒன்று, புத்தகப் பெட்டி. ஒரு பெட்டி நிறையப் புத்தகம். படித்து முடித்ததும் அடுத்த தடவை கப்பல் வரும்போது வேறு விளக்கிலிருந்து வந்த பெட்டியோடு மாற்றிக்கொள்ளலாம். நடமாடும் நூலகம், கடல் மேல்!

அதே கப்பலில்தான் இன்ஸ்பெக்டரும் வருவார். தூரத்தில் புகையைப் பார்த்ததுமே காவலர் குடும்பம் மொத்தமும் பித்தளையைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றதும் நம்மையெல்லாம் குப்பை பொறுக்க விட்டார்களே, அதே கதைதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஃபிளானன் தீவுகள். 1899 டிசம்பரில் அங்கே விளக்கு எரியத் தொடங்கியது. மறு வருஷம் 1900 டிசம்பர் நடுவில், அந்த வழியே போன ஒரு கப்பல், விளக்கு எரியவில்லை என்பதைக் கவனித்தது. சாமான் கொண்டுபோகிற 'ஹெஸ்பெரஸ்' கப்பல் 20-ம் தேதி அங்கே போயிருக்க வேண்டும். புயல். கிளம்ப முடியவில்லை. ஆறு நாள் தாமதமாக, டிசம்பர் 26 அன்று போய்ச் சேர்ந்தது. ஊதல் ஊதினார்கள். ராக்கெட் வெடித்தார்கள். கரையில் யாரும் வரவில்லை. எப்போதும் கொடி ஏற்றி, ஓடிவந்து கயிறு பிடிக்கிற மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. மாற்றுக் காவலர் தனியாக மேலே ஏறிப் போனார். விளக்கு துடைத்து, எண்ணெய் நிரப்பி, ஏற்றுவதற்குத் தயாராக இருந்தது. கடிகாரம் நின்றிருந்தது. மூன்று பேரையும் காணோம். பெரிய அலை கொண்டுபோயிருக்கும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். மேசையில் பாதி சாப்பிட்ட சாப்பாடு இருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது பிற்பாடு ஒரு கவிஞர் எழுதியதிலிருந்து கிளம்பியது. நிஜத்தில் சமையலறை சுத்தமாகத்தான் இருந்தது.

இந்தக் கதையை எல்லோரும் அந்த மூன்று பேருக்காகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கப்பல்காரர்கள்தான் ஞாபகம் வருவார்கள். தபாலையும் கிறிஸ்துமஸ் சாமான்களையும் எடுத்துக்கொண்டு தாமதமாக வந்து நிற்கிற கப்பல். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஏன் என்றால், எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. ஆள்தான் மாறிப்போனார்கள்.

1979. எனக்கு 13 வயது. ஐப்பசி மழையில் அம்மாயி படுத்துவிட்டாள். என் அம்மாவைப் பெற்றவள். சாயங்காலம் விளக்கு வைக்கிறபோதெல்லாம், "பெரியவன் இப்ப எந்த வெளக்குல இருக்கானோ?" என்று கேட்பது அவள் வழக்கம். கடைசி நாலு நாள் பேச்சு குழறியது. அப்போதும் விளக்கு வைத்ததும் வாய் அசையும். என்ன கேட்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தந்தி கொடுத்தோம். 'தாயார் கவலைக்கிடம்.' மறுநாள் இன்னொரு தந்தி. 'தாயார் மரணம்.'

பதில் இல்லை. மழைக்காலத்தில் பிணத்தை எத்தனை நாள் வைத்திருப்பது? சின்ன மாமா கொள்ளி வைத்தார்.

தந்தி போய்ச் சேர்ந்த நேரத்தில் கப்பல் நிக்கோபார் தீவுகளில் இருந்தது. கரையில் யாரோ அந்த இரண்டு தந்தியையும், கப்பல் திரும்பியதும் கொடுக்க வேண்டிய மற்ற தபால்களோடு சேர்த்துக் கட்டி, ஒரு மேசை டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். மிகவும் பத்திரமாக! 23 நாள் கழித்து மாமா கைக்கு வந்தது. இரண்டும் ஒன்றாக. மேலே இருந்தது இரண்டாவது தந்தி. அதைப் படித்துவிட்டுத்தான் 'கவலைக்கிடம்' என்பதைப் பிரித்தாராம்.

முப்பதாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி வந்து சேர்ந்தார். அழவில்லை. பையைக்கூட இறக்கி வைக்காமல் நடுவீட்டில் நின்று, அம்மாயி படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். நம் பக்கத்தில் உயிர் போன இடத்தில் ஒரு விளக்கு வைப்போம் அல்லவா? கருமாதி வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொள்வோம். அது முடிந்து, விளக்கை எடுத்து, இடத்தையும் மெழுகியாயிற்று.

"வெளக்கு வச்சீங்களா?" என்று கேட்டார்.

"வச்சோம்ண்ணா," என்றாள் என் அம்மா.

"அணையாமப் பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்துக்கிட்டோம்."

"யாரு எண்ண ஊத்துனது?"

சின்ன அத்தை மெதுவாக, "நாந்தான் மாமா ஊத்துனேன்" என்றது.

மாமா அத்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி பொண்டாட்டியை! அப்புறம்தான் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார். ராத்திரி வெகு நேரம் கழித்து, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஊரான் வெளக்குக்கெல்லாம் கடல்ல நீந்திப் போயி எண்ண ஊத்துனேன் மச்சான். எங்கம்மாவுக்கு வச்ச வெளக்குக்கு ஊத்த எனக்குக் குடுத்து வைக்கலியே."

நான் போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

யார் மேலும் கோபப்பட வழியில்லை. ஆனால், மாமா ஒரு காரியம் செய்தார். அதற்குப் பிறகு 15 வருஷம், ஒவ்வொரு தீவுக்கும் முதல் படகில் முதலில் இறங்கியது தபால் பைதான். எண்ணெய் டிரம் அப்புறம், அரிசி அப்புறம். எண்ணெய்த்துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு குதிப்பாராம். "கலாசிக்கு என்ன அதிகாரம் மாமா, செராங் திட்டலியா?" என்று கேட்டேன்.

"திட்டுவாரு. நான் குதிச்சப்புறம்தானே திட்டுவாரு!"

1994-ல் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டார். அதற்குள் காலம் மாறியிருந்தது. தீவு விளக்குகளுக்குச் சூரிய மின்தகடு வரத் தொடங்கியது. அப்புறம் கப்பல்காரர்கள் கையில் ஜி.பி.எஸ். மண்ணெண்ணெய் டிரம்மை உருட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மாமா வேலை பார்த்த பழைய கப்பலும் உடைக்கப் போய்விட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். "இரும்புதானே... போவட்டும்" என்றார். சாயங்காலம் சாப்பிடவில்லை.

90-களின் பிற்பகுதியில் எங்கள் ஊருக்கு சிமென்ட் ஆலை வந்தது. வெடி வைத்துச் சுண்ணாம்புக்கல் தோண்டினார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பகுதி முழுக்க ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த பூமி. பத்து கோடி வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். காரைப் பக்கம் போனால் சுருள் சுருளாக அம்மோனைட் கல் கிடைக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக அப்பிக்கிடக்கும். சாத்தனூரில் கல்லாகிப்போன மரமே இருக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்கிற புவியியல் அறிஞர் கண்டுபிடித்துச் சொன்னது.

ஒரு நாள் மாமா கையில் ஒரு கல். அதில் கல்லாய்ப்போன சிப்பி.

"பாத்தியா மாப்ளே. இத்தனை வருசம் மிதவைலேர்ந்து சுரண்டுனேனே, அதே ஜாதிதான்டா. கடலத் தேடி நான் அந்தமான் வரைக்கும் போனேன். அது நம்ம கொல்லைக்கு அடியிலயே கெடந்துருக்கு."

அப்புறம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இந்த சிப்பிய அரைச்சு சிமென்ட் பண்ணுவான். அந்த சிமென்டுல கான்கிரீட் கட்டை செய்வான். அத எவனாவது கலாசி கொண்டுபோயி மிதவைக்கு அடில எறக்குவான். வந்த எடத்துக்கே போயிச் சேந்துடும். நாந்தான் திரும்பி வந்துட்டேன்."

2004 டிசம்பர் 26. அன்று காலையில் நாமெல்லாம் டி.வி. முன்னால்தான் இருந்தோம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் என்று பார்த்துப் பதறிக்கொண்டிருந்தோம். மாமா மட்டும், "தெக்கு முனை என்னாச்சுன்னு சொல்றானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிரேட் நிக்கோபாரின் தென்கோடி. இந்தியாவின் கடைசிப் புள்ளி, இந்திரா முனை. 1972-ல் அங்கே விளக்கு ஏற்றினார்கள். மாமா எத்தனையோ தடவை டிரம் உருட்டிய கரை. விளக்குக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிப் போவார்.

சில நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. நிலநடுக்கத்தில் அந்த நிலமே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. குடியிருப்பில் இருந்தவர்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோபுரம் மட்டும் தண்ணீருக்குள் நின்றது. பேப்பரில் வந்த படத்தை மாமா வெகு நேரம் பார்த்தார். அவர் காலத்துப் பிள்ளைகள் எப்போதோ ஊர் மாறிப்போயிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் படத்தில் தண்ணீர் நின்ற இடத்தை விரலால் தொட்டு, "இங்கதான்டா தபால் பைய வச்சிட்டு ஒக்காருவேன். ஓடியாருங்க புள்ளைங்க" என்றார். பேப்பரை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

2014-ல் என் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். நியூயார்க்கில் ஹட்ஸன் நதி ஓரமாக நடக்கும்போது, பியர் 25-ல் ஒரு கறுப்புக் கப்பல். பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். லைலக்! பூப்பெயர் வைத்த விளக்குக் கப்பல்.

1933-ல் டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் கட்டியது. நீளம் 173 அடி. இரண்டு நீராவி இன்ஜின். டெலவேர் ஆற்றிலும் விரிகுடாவிலும் விளக்குகளுக்குச் சாமான் கொண்டுபோய், மிதவைகளைத் தூக்கித் துடைத்து, 1972 வரை உழைத்த கப்பல். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகூட மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு மாலுமிப் பள்ளிக்கு விடுதியாக இருந்தது. பிறகு வர்ஜீனியாவில் ஓர் ஆற்றோரச் சேற்றில் புதைந்து, ரியல் எஸ்டேட் ஆபீஸாகவும் இருந்தது. நம்புங்கள்! 2003-ல் சிலர் சேர்ந்து அதை வாங்கி, இழுத்துவந்து, தங்கள் கையால் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்துப் பாதுகாத்தார்கள். நீராவியில் ஓடிய அமெரிக்க விளக்குக் கப்பல்களில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்றார்கள். ஆஸ்திரேலியாவிலும் 'கேப் டான்' என்ற பழைய விளக்குக் கப்பலைத் தொண்டர்கள் இப்படித்தான் காப்பாற்றி வைத்தார்கள்.

உள்ளே போனேன். முன்தளத்தில் மிதவை தூக்குகிற டெரிக். கீழே இன்ஜின் அறையில் எண்ணெய் வாசனை. மாமா ஊருக்கு வரும்போது அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே வாசனை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தளத்தில் நின்று ஊருக்குப் போன் போட்டேன். அங்கே நடுராத்திரி. மாமாவுக்கு 78 வயது.

"மாமா, ஒங்க கப்பல் மாதிரியே ஒண்ணு மேல நின்னுக்கிட்டிருக்கேன்."

"அப்படியா... ஒடைக்கலியா அதை?"

"இல்ல மாமா. பத்திரமா வச்சிருக்காங்க. எல்லாரும் வந்து பாக்கறாங்க."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அதுல தபால் பைய எங்க வப்பாங்கன்னு கேட்டுச் சொல்றா" என்றார்.

பக்கத்தில் ஒரு தொண்டர் நின்றிருந்தார். கேட்டிருக்கலாம். இங்கிலீஷில் எப்படிக் கேட்பது, என்ன நினைத்துக்கொள்வார் என்கிற கூச்சம். "அப்புறம் கேட்டுச் சொல்றேன் மாமா" என்றேன். மகள் கூப்பிட்டாள். இறங்கி வந்துவிட்டேன். அப்புறம் கேட்கவே இல்லை. மாமாவும் மறுபடி கேட்கவில்லை.

2017-ல் மாமா போய்விட்டார். தூக்கத்திலேயே. இந்தத் தடவை தந்தி இல்லை, செல்போன். சென்னையிலிருந்து ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவருக்குப் பிள்ளை இல்லை. சின்ன மாமா மகன் கொள்ளி வைத்தான். மாமா படுத்திருந்த இடத்தில் விளக்கு வைத்தோம்.

ஆபீஸுக்கு 16 நாள் லீவு சொன்னேன். "மாமாவுக்கா இவ்ளோ நாள்?" என்று கேட்டார்கள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "ஆமா சார்" என்று மட்டும் சொன்னேன்.

ராத்திரியில் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தேன். திரியைத் தூண்டினேன். 16 நாளும் அந்த விளக்குக்கு நான்தான் எண்ணெய் ஊற்றினேன். ஒரு தடவைகூட அணையவில்லை.